சுண்டுகெலிஸ்

எங்கள் வீட்டில் சுண்டு என்றால் இரண்டு பேர். ஒருத்தி என் தங்கை. இன்னொன்று, நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில், நுழைந்தவுடன் இடது கைப்பக்கம், இரும்புக் கால்களின் மேல் நீந்துவது போல நிறுத்தி வைத்திருக்கும் கடல் ஆமை. மூக்கிலிருந்து வால்வரை இரண்டரை மீட்டர். ஏழு கோடி வருடங்களுக்கு முன்னால் செத்தது. தங்கை செத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

பிறந்தபோது ஒரு உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தாளாம். அதனால் வீட்டில் சுண்டு என்றே கூப்பிட்டோம். வளர்ந்த பிறகும் என் தோளைத் தாண்டவில்லை. அவள் பெயரைக் கொண்டுபோய் இவ்வளவு பெரிய ஜந்துவுக்கு வைத்தவர் அவள் கணவர். கெலிஸ் என்றால் கிரேக்க மொழியில் ஆமை. அழிந்துபோன ஆமைகளுக்குப் பெயர் வைக்கிறவர்கள் கடைசியில் அதை ஒட்டிக்கொள்வது வழக்கம். ஆகவே சுண்டுகெலிஸ். அது ஒரு புதிய பேரினம். ஏற்கெனவே தெரிந்த எந்த வகையிலும் சேராமல், தனியாக நிற்கிற ஒன்றுக்குத்தான் அப்படிப் புதுப் பேரினப் பெயர் கொடுப்பார்கள்.

பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் "டைனோசர் பாரு, டைனோசர் பாரு" என்று பிள்ளைக்குக் காட்டிவிட்டு மாடிக்குப் போய்விடுவார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறும். கடல் ஆமை என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறது, படிப்பதற்கு என்ன கேடு? விலா எலும்புகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, ஓடு வேயாத கூரை மாதிரி இருக்கும் அதன் முதுகைப் பார்த்தாலே தெரிய வேண்டாமா? துடுப்பு மாதிரிக் கைகளைப் பார்த்தாவது? சொல்லிப் பயனில்லை. நான் அடித்தளத்தில் வேலை பார்க்கிறவன். மேலே வந்து யாரையும் திருத்துவது என் வேலை இல்லை.

என் வேலை எலும்பிலிருந்து கல்லைப் பிரிப்பது. காற்றால் அதிர்கிற ஒரு ஊசி, பல் டாக்டரிடம் இருப்பது போன்ற கொக்கிகள், தூரிகை, பசை, ஒரு பூதக்கண்ணாடி விளக்கு. ஒரு மணி நேரம் குனிந்து கொத்தினால் கட்டைவிரல் நகம் அளவு எலும்பு வெளியே வரும். காதில் பஞ்சு, வாயில் முகமூடி. வீட்டுக்குப் போனால் தும்மலில் கூடக் கல்தூசி வரும். எல்லோரும் என்னைக் கல்கொத்தி என்பார்கள். தங்கை கணவருக்கு மேல்மாடியில் ஆராய்ச்சி அறை. அவர் எல்லோருக்கும் ஆமை வாத்தியார், எனக்கு மட்டும் மாப்பிள்ளை. ஆமையைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேசினாலும் பாதியில் தூங்கிவிடுகிற மனிதர்.

மண்ணுக்குள் எலும்பு கிடைத்தால் அப்படியே பிடுங்கி எடுத்துக்கொண்டு வர முடியாது. பொடிந்துவிடும். சுற்றியிருக்கும் கல்லோடு சேர்த்து வெட்டி, சாக்குத்துணியைப் பாரிஸ் சாந்தில் முக்கிச் சுற்றி, கை கால் முறிந்தவர்களுக்குப் போடுகிற மாதிரி ஒரு மாவுக்கட்டுப் போட வேண்டும். மேல்பக்கம் காய்ந்ததும் அதைப் புரட்டி அடிப்பக்கமும் போட வேண்டும். பிறகு மேலே மார்க்கரால் எண் எழுத வேண்டும். எந்தக் கட்டு எந்த இடத்திலிருந்து வந்தது என்பதற்கு நோட்டுப்புத்தகத்தில் இருக்கும் குறிப்பும் இந்த எண்ணும்தான் சாட்சி. வேறு நாதி கிடையாது.

எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் நாளே ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். 6 எழுதினால் அடியில் ஒரு கோடு போடு. 9 எழுதினாலும் போடு. மாவுக்கட்டு உருண்டையாக இருக்கும், புரண்டுகொண்டே வரும், அதற்குத் தலையும் கிடையாது காலும் கிடையாது. கோடு இல்லாவிட்டால் 6 எது, 9 எது என்று கட்டுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அந்த ஆமை கிடைத்த மேட்டில் பதினாறு நாள் இருந்தோம். மாப்பிள்ளை தோண்டினார், நான் கட்டுப் போட்டேன். சுண்டு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடுமுறையில் சும்மா இருக்கப் பிடிக்காமல் எங்களோடு தொற்றிக்கொண்டு வந்தாள். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். மாப்பிள்ளையுடையதை மருந்துக் கடைக்காரர்தான் படிக்க முடியும். "நீங்க ரெண்டு பேரும் எழுதினா ஆமையே கோவிச்சுக்கிட்டுத் திரும்பப் புதைஞ்சுக்கும்" என்று சொல்லி மார்க்கரை அவளே பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

மேட்டில் இரண்டு படுகைகள். மேல்படுகையில் ஒரு பெரிய முதுகு ஓடும் கைகளும் கிடைத்தன. அதிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு தலை. கீழ்ப்படுகையில் தனியாக இன்னொரு தலை. கட்டுப் போட்டபோது இரண்டு தலைகளும் ஒரே மாதிரி பூசணிக்காய் அளவு இருந்தன. நோட்டில் மாப்பிள்ளை எழுதியிருந்தார்: ஆறு, கீழ்ப்படுகை, தலை, தனி. ஒன்பது, மேல்படுகை, தலை, ஓட்டுக்குப் பக்கத்தில். அதுவரை ஒவ்வொரு கட்டின் பக்கத்திலும் கல்லுக்கடியில் ஒரு காகிதச் சீட்டு இருந்தது. அதைப் பார்த்துக் கடைசி நாள் எல்லாவற்றிலும் எண் எழுதுவதாக ஏற்பாடு.

கடைசி நாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சாந்து நனைந்தால் பதினாறு நாள் உழைப்பும் போச்சு. நானும் மாப்பிள்ளையும் கட்டுகளைத் தூக்கி வண்டியில் அடுக்கிக்கொண்டே கத்தினோம். "சீக்கிரம் எழுது, சீக்கிரம் எழுது." அவள் சேறு அப்பிய முழங்காலோடு ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்குத் தவழ்ந்து போய் எழுதினாள். "விரட்டாதீங்கப்பா, கை நடுங்குது" என்றாள். நாங்கள் விரட்டினோம்.

நான்கு மாதம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது, விடவில்லை. ரத்தத்தில் நோய் என்றார்கள். காலையில் மருத்துவமனை, மதியத்துக்கு மேல் வேலைக்கூடம் என்று எனக்கு ஆனது. அந்த மாதங்களில் கல்லைக் கொத்தாமல் இருந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். முதுகு ஓட்டைக் கல்லிலிருந்து முழுக்கப் பிரித்துவிட்டுத் தலைக்கு வந்தேன். மேசை மேல் இரண்டு கட்டுகள் இருந்தன. இப்படிப் பார்த்தால் 6, சுற்றி வந்து அப்படிப் பார்த்தால் 9. இரண்டிலும் கோடு இல்லை.

அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்றுதான் மறுநாள் காலை போனேன். தலைமுடியெல்லாம் கொட்டி, வாய் முழுக்கப் புண்ணாகி, தண்ணீர் விழுங்கவே முகத்தைச் சுளித்துக்கொண்டு கிடந்தாள். என்னைப் பார்த்ததும் "ஆமை என்னண்ணா ஆச்சு?" என்றாள். "தலை வரப்போகுது" என்றேன். அந்த நிலையில் கிடக்கிறவளிடம் கோடு போட்டாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று திரும்பிவிட்டேன். மதியம் மேசைக்கு வந்து, இரண்டில் எந்தக் கட்டு கெட்டியாகத் தெரிந்ததோ அதை ஒன்பது என்று வைத்துக்கொண்டு பிரித்தேன். மற்றதன் மேல்கட்டை வெட்டித் திறந்து பார்த்தேன். நசுங்கிக் கிடந்தது. சரி, இதுதான் ஆறு என்று இழுப்பறைக்குள் தள்ளினேன்.

தலை வெளியே வந்ததும் மாப்பிள்ளை துள்ளிக் குதித்தார். கிளி மூக்கு மாதிரி வளைந்த வாய். இப்படிப்பட்ட வாயும் இப்படிப்பட்ட முதுகும் ஒரே ஆமையில் இருந்து உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் புதுப் பேரினம்தான் என்று முடிவு கட்டினார். வேறு யாரும் என்றால் ஒரு வருடம் உட்கார்ந்து சரிபார்த்திருப்பார்கள். அவருக்கு ஒரு வருடம் இல்லை. நேராக மருத்துவமனைக்கு ஓடினார். நானும் கூட இருந்தேன்.

"உன் பேரை வெச்சுட்டேன்" என்றார்.

"எதுக்கு?"

"ஆமைக்கு."

"ஏங்க, வேற எதுவுமே கிடைக்கலையா உங்களுக்கு? ஒரு மீன், ஒரு பறவை?" அவள் சிரிக்கப் போய் அது இருமலில் முடிந்தது. இருமி ஓய்ந்ததும் கேட்டாள். "எவ்வளவு பெருசு?"

"உன்னை மாதிரி ரெண்டு பேர் அது மேல படுத்துத் தூங்கலாம்."

"அப்ப சரி" என்றாள்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தாள். ஊசி போட வருகிற நர்ஸிடம், பக்கத்துக் கட்டில் அம்மாளிடம், தரை துடைக்க வருகிறவரிடம், "நான் ஒரு ஆமை தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பத்தொன்பது நாளில் அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது என்றால் அந்த ஆமையால்தான். நான் எந்த வாயால் போய் 'மாப்ள, கோடு இல்ல' என்று சொல்வேன்? சொல்லவில்லை. கட்டுரை அச்சாகி வந்தபோது அவள் இல்லை. பிறகு சொல்வதற்கும் இடம் இல்லாமல் போனது. அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அவளுடையது என்று சொல்ல மிஞ்சியது அந்தப் பெயர் ஒன்றுதான். கீழே இருந்த இழுப்பறையை இருபத்திரண்டு வருடம் நான் திறக்கவே இல்லை.

இந்த வருடம் வேறொரு ஊர் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கடல் ஆமைகள் எல்லாவற்றையும் மறுபடி அளந்து ஒரு பெரிய பட்டியல் போடுகிறாளாம். பெட்டி நிறைய அளவுகோல், சின்னச் சின்னச் சல்லடை. டீ குடிக்கிற கோப்பையைக்கூட அளந்துவிட்டுத்தான் குடிப்பாள் போல இருந்ததால் நாங்கள் அவளுக்கு அளவுகாரி என்று பெயர் வைத்தோம். நல்ல பெண். கருவியை எடுத்தால் எடுத்த இடத்தில் வைப்பாள். தலையோட்டுக்குள் ஒட்டியிருந்த கல்லில் ஒரு சிட்டிகை, முதுகு ஓட்டுக்கடியில் ஒரு சிட்டிகை கேட்டாள். கொடுக்காமல் இருந்திருக்கலாம். கொடுத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவள் மேல்மாடிக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தாள்.

"சார், கதவைச் சாத்திக்கலாமா?"

ஊசியை நிறுத்தினேன். அறை திடீரென்று அமைதியாகிவிட்டது.

"தலைக்குள்ள இருந்த கல்லுல பொடிப்பொடியா கடல் ஓடுகள் இருக்கு சார், கண்ணுக்கே தெரியாது. ஓட்டுக்கடியில இருந்ததுலயும் இருக்கு. ஆனா ரெண்டும் வேற வேற. ரெண்டுக்கும் நடுவுல நாப்பது லட்சம் வருஷ வித்தியாசம்."

நாற்பது லட்சம் வருட வயது வித்தியாசத்தில் நான் ஒரு ஜோடி சேர்த்து வைத்திருக்கிறேன். வேறு சமயமாக இருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"அந்த மேட்டுல வேற தலை ஏதாவது கிடைச்சுதா சார்?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கை அதற்குள் இழுப்பறைக்குப் போய்விட்டது. துரு ஏறி இறுகியிருந்தது. இழுத்ததில் மேசையே ஆடியது. உள்ளே நசுங்கிய தலை இருந்தது. வெட்டி எடுத்த மாவுக்கட்டுகளில் எண் எழுதிய துண்டுகளை மட்டும் தூக்கிப் போடாமல் வைக்க வேண்டும் என்பது விதி, ஆகவே அந்த இரண்டு துண்டுகளும் இருந்தன. அளவுகாரி பூதக்கண்ணாடியை இழுத்து நசுங்கிய தலையை அரைமணி நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"முதுகு இதோடது சார். இது ஏற்கெனவே பேர் வெச்ச வகைதான். மேல நிக்கிற தலை கீழ்ப்படுகையோடது. அதுவும் தெரிஞ்ச வகைதான்."

"அப்ப சுண்டுகெலிஸ்?"

"அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல சார்."

அவளுக்கு அது யாருடைய பெயர் என்று தெரியும். கண் கலங்கிவிட்டது. எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. கண்டுபிடித்ததும் நீ, அழுவதும் நீயா? "இதை நான் எழுதினா வாத்தியார் தலைகுனிய வேண்டியிருக்கும்" என்றாள். "அவரே எழுதட்டும் சார். ஒரு மாசம் காத்திருக்கேன். நீங்க சொல்லிடுங்க." கதவைத் திறந்து போய்விட்டாள். அவள் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை, அதுதான் எரிச்சல்.

ஒரு வாரம் மாப்பிள்ளை கண்ணில் படாமல் சுற்றினேன். அவர் படியிறங்கி வருகிற சத்தம் கேட்டால் கருவியை ஓடவிட்டுக் காது கேட்காதவன் மாதிரி குனிந்துகொண்டேன். அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறவர். மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. யாராவது பேச்செடுத்தால் "எனக்குத்தான் ஆமை இருக்கே" என்று சிரிப்பார். அந்த மனிதரிடம் போய் ஆமையும் இல்லை என்று எப்படிச் சொல்வது? எட்டாவது நாள் ஒரு தட்டில் பஞ்சு விரித்து, தலையையும் இரண்டு துண்டுகளையும் வைத்து எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றேன்.

அறையில் காகிதக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். "வாங்க மச்சான், ஒரு வாரமா ஆளையே காணோம். என்ன, கடன்காரனைப் பார்த்த மாதிரி ஓடறீங்க?" என்றார். நான் தட்டை மேசை மேல் வைத்தேன். ஆமை வாத்தியார் ஆமைத் தலையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. மாவுத் துண்டைத்தான் பார்த்தார். மெதுவாக எடுத்து அந்த எண்ணின் மேல் விரலை ஓட்டினார்.

"இது அவ எழுதினது."

"ஆமா."

"இத்தனை வருஷமா எங்க இருந்துச்சு?"

"கீழ. என் இழுப்பறையில."

"என்கிட்ட சொல்லவே இல்லையே மச்சான்."

தங்கையின் கையெழுத்தைத்தான் நான் ஒளித்து வைத்திருந்தேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவளுடைய கையெழுத்து அவரிடம் அதிகம் இல்லை. ஒன்றிரண்டு கடிதம், ஒரு பழைய நாட்குறிப்பு. விளக்கு வெளிச்சத்தில் நன்றாகப் பார்ப்பதற்காகத் துண்டைத் திருப்பினார். 6 ஆக இருந்தது 9 ஆனது. இன்னொரு தடவை திருப்பினார். பிறகு மற்ற துண்டை எடுத்துத் திருப்பினார். நான் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படித்த மனிதர், தன் தொழிலில் கெட்டிக்காரர். தட்டில் இருந்த தலையை அப்போதுதான் ஏறிட்டுப் பார்த்தார்.

"கோடு போடல" என்றார்.

"என் தப்பு மாப்ள. அன்னிக்கே அவகிட்ட கேட்டிருக்கணும். கேட்கத்தான் போனேன்."

"உங்க தப்பு எப்படி ஆகும்? மழை வருது மழை வருதுன்னு அவளை விரட்டினது நான்."

"நானும்தான் விரட்டினேன். கோடு இல்லைன்னு தெரிஞ்சும் கட்டைப் பிரிச்சது நான். தெரிஞ்சே பிரிச்சேன்."

"கல்லைச் சரிபார்க்காம பேர் வெச்சது யாரு? நான்தானே? அவ இருக்கும்போதே வெச்சுடணும்னு…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மச்சானும் மாப்பிள்ளையும் சொத்துக்குச் சண்டை போட்டுக்கொள்வதுதான் உலக வழக்கம். நாங்கள் ஒரு தப்புக்குச் சண்டை போட்டுக்கொண்டோம். அவருக்கு விட்டுக்கொடுக்க மனம் இல்லை, எனக்கும் இல்லை. அவளுடைய தப்பு என்று மட்டும் இருவருமே சொல்லவில்லை. கடைசியில் அவர்தான் சிரித்தார்.

"கணக்கு டீச்சர் மச்சான். ஒரு வகுப்புக்கே ஆறு ஒன்பது சொல்லிக்கொடுத்தவ."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் கதவைத் தாண்டிக் கேட்கும்படி சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவர் மாவுத் துண்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவளை எடுத்துக்கொண்டு போன அன்றைக்குக்கூட அவர் இப்படி அழவில்லை. சட்டையெல்லாம் வெள்ளைத் தூள் ஆயிற்று. நான் பக்கத்தில் போய் நின்றேன். அதைவிட வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் எதையும் கண்டுபிடிக்கல மச்சான்" என்றார். "ரெண்டு ஆமையைச் சேர்த்து ஒரு ஆமையை அவதான் பண்ணியிருக்கா. அவ பண்ணின ஆமைக்குத்தான் நான் அவ பேரை வெச்சிருக்கேன்."

பத்து நாளில் திருத்தக் கட்டுரையை எழுதி முடித்துவிட்டார். அதில் ஒரு வரி: எண்களில் நேர்ந்த குழப்பத்துக்கு முழுப் பொறுப்பும் கட்டுரை ஆசிரியருடையது. "என் பேரைப் போடுங்க, பிரிச்சது நான்" என்று மல்லுக்கு நின்றேன். "கட்டுரை என்னோடது மச்சான்" என்று ஒரே வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார். அளவுகாரி படித்துவிட்டு ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. திங்கட்கிழமை நான் தலையைக் கழற்ற வேண்டும், பெயர்ப்பலகையை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்று ஏற்பாடு ஆனது.

அம்மாவிடம் யார் சொல்வது என்ற பேச்சு வந்தபோது இருவருமே தரையைப் பார்த்தோம். "நீங்கதானே மச்சான் பெத்த பிள்ளை" என்றார் மாப்பிள்ளை.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, என்னோடுதான் இருக்கிறாள். மாதத்துக்கு ஒரு முறை "சுண்டுவைப் பார்த்துட்டு வந்துடலாம்டா" என்பாள். காவல்காரர் அவளைக் கண்டதும் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஆமைக்கு எதிரே போடுவார். கண் மங்கி இப்போதெல்லாம் பலகையில் எழுதியிருப்பது அவளுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு தடவையும் நான்தான் உரக்கப் படிக்க வேண்டும். இனிமேல் என்ன எழுதியிருந்தாலும் சுண்டுகெலிஸ் என்றே படித்துவிட்டால் என்ன என்று பேருந்தில் வரும்போது எனக்குத் தோன்றாமல் இல்லை. அவளுக்குத் தெரியவே போவதில்லை. காவல்காரரும் காட்டிக்கொடுக்க மாட்டார். ஆனால் ஒரு முறை வாயை மூடிக்கொண்டதன் பலன் எதிரே இரண்டரை மீட்டருக்கு நிற்கிறதே. இன்னொரு முறை என்னால் முடியாது.

சனிக்கிழமை, கூட்டம் இருந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "படிடா" என்றாள். படித்தேன். பிறகு அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அம்மா, இது ஒரு ஆமை இல்லம்மா."

"பின்ன என்ன?"

"தலை ஒண்ணோடது, உடம்பு இன்னொண்ணோடது. அப்ப நான் தப்பா சேர்த்துட்டேன்."

"சரியா பிரிச்சுச் சேர்த்துட வேண்டியதுதானே. அதானே உன் வேலை?"

"சேர்த்துடுவேன். ஆனா பேர் இருக்காது. திங்கட்கிழமை எடுத்துடுவாங்க."

அம்மா ஆமை இருக்கும் பக்கம் திரும்பினாள். "ஏன் இருக்காது? இப்ப ஒண்ணுக்கு ரெண்டா ஆச்சு. ஏதாவது ஒண்ணுக்கு அவ பேரை வெச்சுக்கட்டும்."

"ரெண்டுக்குமே நமக்கு முன்னாடி யாரோ பேர் வெச்சுட்டாங்கம்மா. ஒரே ஜந்துவுக்கு ரெண்டு பேர் இருந்தா, மூத்த பேர்தான் நிக்கும். இளைய பேர் போயிடும். அதுதான் சட்டம்."

"மூத்தது நிக்கும், இளையது போயிடுமா?"

"ஆமா."

"எந்தப் பாவிடா இந்தச் சட்டத்தைப் போட்டது?" அம்மாவின் குரல் கூடமெல்லாம் கேட்டது. நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். "சின்னது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமே! பெரிசு போனா என்ன? பெரிசு போகக்கூடாதா?"

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். பிறகு சட்டென்று அடங்கினாள். அவள் கை நாற்காலிக்குப் பக்கத்தில் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கமாகப் பிடித்தது.

"பேரைச் சொன்னேன்டா" என்றாள். "உன்னைச் சொல்லல."

"தெரியும்மா."

"உன்னைச் சொல்லலடா. உன்னைச் சொல்லல."

"தெரியும்மா" என்றேன் மறுபடியும். பெரிசு போகக்கூடாதா என்றுதான் இருபத்திரண்டு வருடமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.